ஒற்றைக் குளம்புக்கு வந்த டீசல் கார்

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது என்று ஆரம்பித்தால், எந்தக் காட்டில்தான் இல்லை என்று கேட்பீர்கள். நான் சொல்வது வேலாண்டி என்கிற கழுதையை. மேல்காட்டுச் சந்தைக்கு உப்பு மூட்டை சுமந்தே முதுகு வில்லாக வளைந்து போனவர். இனி ஒரு மூட்டை ஏறினாலும் எழுந்திருக்க மாட்டீர் என்று வைத்தியர் கொக்கு கையை விரித்துவிட்டது.

உப்பு காண்ட்ராக்ட் எடுத்திருந்த எருமை நல்ல மனசுக்காரர்தான். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த சந்தைக்கு உனக்குன்னு ஒரு வண்டியோட வா. வேலை உனக்கு. இல்லைன்னா ஒட்டகத்துக்குக் குடுத்துருவேன். அது வேற திமிலைத் தூக்கிக்கிட்டு நாலு நாளா வாசல்லயே நிக்குது."

வேலாண்டி வீட்டுக்கு வந்து மனைவி பவுனிடம் சொன்னார். பவுனு அடுப்படியில் புதைத்து வைத்திருந்த பானையைத் தோண்டி எடுத்தாள். இருவரும் ஆயுசு முழுக்கச் சேர்த்தது, சரியாக ஒரு லட்சம்.

"தரகர் மாசிலாமணிகிட்ட பழைய டீசல் கார் ஒண்ணு நிக்குதாம்" என்றார் வேலாண்டி.

"நரிகிட்டயா?"

"நரியா இருந்தா என்ன, கார் கார்தானே."

"இந்தா பாருங்க, டீசல் வண்டியை இன்ஜின் சில்லுனு இருக்கிறப்போ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணுமாம். மெக்கானிக் குரங்கு சொல்லுச்சு. தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி கழுத்தில் ஜரிகைத் துண்டோடு வாசலிலேயே நின்றார். புளியமரத்தடியில் கார் நின்றது. அந்தக் காலத்து மாடல். முன்னால் பளபளவென்று கம்பிப் பல், பின்னால் கல்யாண மேடை மாதிரி டிக்கி.

"சிங்கிள் ஓனர், அண்ணே. ஜமீன் யானை வச்சிருந்த வண்டி. ஓட்டவே இல்லை."

"ஏன் ஓட்டலை?"

"ஏற முடியலை."

"கூரை குழிஞ்சிருக்கே?"

"மேல உக்காந்து பாத்தாரு."

நியாயமாகத்தான் பட்டது. வேலாண்டிக்குக் கார் வாங்கிப் பழக்கம் இல்லை. மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிறதைத்தான் பார்த்திருக்கிறார். அதே மாதிரி குனிந்து முன்பக்கத்துப் பல்லை எண்ணினார். ஒன்றும் விழவில்லை, இளசுதான். சுழி பார்த்தார். பானெட்டின் மேல் வட்டமாகத் துரு பிடித்திருந்தது.

"இது என்ன சுழி?"

"ராஜ சுழி, அண்ணே. லட்சத்துல ஒரு வண்டிக்குத்தான் விழும்."

பவுனு சொன்னது ஞாபகம் வந்து பானெட்டைத் தூக்கச் சொன்னார். உள்ளே இன்ஜின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரையும் முறைத்தது.

"அது யாரு?"

"அடைகாக்குது. நல்ல வண்டியா இல்லைன்னா தாய்க்கோழி நம்பி முட்டை வைக்குமா?"

வேலாண்டி கோழிக்குப் பக்கத்தில் குளம்பை நுழைத்து இன்ஜினைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னாளே தவிர, சூடாக இருந்தால் என்ன அர்த்தம் என்று பவுனு விளக்கவில்லை. உடம்பில் உயிர் இருக்கிறது, காய்ச்சலும் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார். சாவியைத் திருகியதும் கார் இருமி, குலுங்கி, கன்னங்கரேலென்று புகை விட்டது.

"தின்னது செரிக்குது" என்றார் மாசிலாமணி.

விலை பேச வேண்டியதுதான் பாக்கி. அந்தக் காட்டில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. இரண்டு பேர் கை மேலும் துண்டைப் போட்டு, அடியில் வாங்குகிறவர் விரலைத் தரகர் பிடிப்பார். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை லட்சம். சம்மதம் என்றால் தலையை ஆட்ட வேண்டும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் வாய் மாறினவனைச் சந்தைப் பக்கம் சேர்ப்பதில்லை. நாட்டாமை கரடி சாட்சிக்கு வந்து நின்றார்.

எடுத்ததும் முழுக் கையையும் பிடிப்பது மாசிலாமணி வழக்கம். ஐந்தில் தொடங்கினால்தான் மூன்றுக்காவது வந்து நிற்கும். அதுவரை அவரிடம் கார் வாங்கினவர்கள் எல்லாரும் குரங்கு, முயல் என்று விரல் உள்ளவர்கள். குளம்பு உள்ளவர்கள் கார் வாங்க வந்ததில்லை. அவர்களே வண்டியாக இருக்கிறார்களே.

துண்டு விழுந்தது. மாசிலாமணி கரடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே கையை அப்படியே கொத்தாகப் பிடித்தார்.

வேலாண்டி மனசுக்குள் எண்ணினார். எண்ண அதிகம் இல்லை. ஒன்று. பானையில் இருப்பதும் ஒன்று. பட்டென்று தலையை ஆட்டினார்.

பேரம் இல்லாமல் ஐந்துக்குத் தலையாட்டினவனை மாசிலாமணி தொழிலில் கண்டதே இல்லை. மனசு மாறுவதற்குள் துண்டை உருவிவிட்டார்.

வேலாண்டி பானையைக் கவிழ்த்தார். மாசிலாமணி எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"மீதி?"

"மீதி ஏது?"

"அண்ணே, விளையாடாதீங்க. முழுக் கையைப் பிடிச்சேன்."

"நான் இல்லைன்னு சொல்லலையே."

நாட்டாமை கரடி கழுதையின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"தரகரே, எத்தனை விரலைப் பிடிச்சீரு?"

"எல்லாத்தையும்."

"எல்லாம்னா எத்தனை?"

மாசிலாமணி அப்போதுதான் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எவ்வளவு பார்த்தாலும் ஒன்றுதான் இருந்தது.

"சாவியைக் குடும்" என்றார் கரடி.

வேலாண்டி காரில் ஏறி, ஜன்னலில் காதைப் பறக்கவிட்டுக்கொண்டு ராஜா மாதிரி கிளம்பினார். ஓடைத் திருப்பத்தில் முட்டை பொரிந்துவிட்டது. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, "இதுக்கு மேல எனக்கு இங்க வேலை இல்லைங்க" என்று இறங்கிப் போனது. மேட்டில் ஏறும்போது கார் ஒரு தடவை விக்கி நின்றது. இன்ஜின் சில்லிட்டது. அன்றைக்குச் சில்லிட்டதுதான், அப்புறம் கிளம்பவே இல்லை; சூடாக இருந்தால்தான் கிளம்புகிற வண்டி.

பவுனு வந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கயிறு எடுத்து வந்தாள்.

சந்தை நாள் காலையில் எருமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே சீட்டு முழுக்க உப்பு மூட்டை ஏற்றலாம். முன்னால் கழுத்தில் கயிறோடு வேலாண்டி. முதுகில் ஒரு குன்றிமணிப் பாரம் இல்லை. சக்கரம் உருளுகிறது, இவர் நடக்கிறார்.

எருமை சுற்றிச் சுற்றி வந்தார்.

"வண்டியோட வரச் சொன்னேன். வண்டி ஓடணும்னு நான் சொல்லலைதான்" என்று காண்ட்ராக்டைக் கொடுத்துவிட்டார். ஒட்டகம் திமிலைத் தூக்கிக்கொண்டு போனது.

வழியெல்லாம் கேட்டார்கள்.

"அண்ணே, மைலேஜ் எவ்வளவு தருது?"

"ஒரு கட்டுப் புல்லுக்கு ஆறு மைல்."

"டீசல்?"

"சொட்டு கிடையாது."

காடு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. மறு வாரம் மாசிலாமணி வாசலில் கூட்டம். புளியமரத்தடியில் ஓடாத டீசல் கார் வரிசையாக நின்றது. ஓடுகிற கார் மூன்று லட்சம், ஓடாத கார் ஐந்து. கயிறு தனி. எருது, குதிரை, வரிக்குதிரை என்று குளம்புக்காரர்கள்தான் அதிகம்.

மாசிலாமணி இப்போது துண்டு போடுவதில்லை. விலையை வாயாலேயே சொல்கிறார்.

நீதி: பழைய டீசல் கார் வாங்குகிறவனுக்கு மூளையும் வேண்டாம், விரலும் வேண்டாம், முதுகு போனாலும் கழுத்து திடமாக இருந்தால் போதும்.