எல்லாரும் ஆமென் போட்டார்கள்

எழுதத் தெரியும் என்று நம்புகிற மருமகன் வீட்டில் இருந்தால், அவனைப் பந்தி விசாரிக்கச் சொல்லலாம், நாற்காலி தூக்கச் சொல்லலாம். எழுத மட்டும் விடக் கூடாது. என் மாமனார் விட்டார்.

அப்போது நான் நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மட்டும் எழுத்தாளன். ஆதாரம்? எங்கள் சபையின் மாத இதழில் என் கட்டுரை வந்திருந்தது. (இதழைத் தயாரிச்சதும் நான்தான். அது வேற விஷயம்.) தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சிந்தனை போடுவேன். காக்கா, கடல், கொத்தமல்லி என்று எங்கே ஆரம்பித்தாலும் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன். வரிசையாக ‘ஆமென்’ வந்து விழும். வாசகர்கள் உருகுகிறார்கள் என்று நினைத்தபடி ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவேன்.

என் மனைவியின் தங்கை ஜெபாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் உல்லாஸ்நகர். அவர்களையும் அந்த குரூப்பில் சேர்த்திருந்தோம். மாதுங்காவில் ஹால் பிடித்தாயிற்று. இரண்டு நாளுக்கு முன்னால் ஹால்காரர் போன் செய்து, ஒரே தேதியை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகவும், நாங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். மாமா தாராவியிலிருந்து ஸ்கூட்டரில் அலைந்து, செம்பூரில் ஒரு ஹாலைப் பிடித்தார். அதுவும் மதியம் ஒரு மணி வரைக்கும்தான். பிறகு அங்கே வேறு விசேஷம்.

“மாப்ள, ஹால் மாறினத எல்லாருக்கும் சொல்லணும். நீங்கதான் நல்லா எழுதுவியள்லா, குரூப்புல போட்டு விடுங்க.”

“அத்தான், ‘ஹால் செம்பூர்’னு போட்டா போதும்” என்றாள் ஜெபா.

“அது தகவல்மா. எழுத்து இல்ல” என்றேன். (இப்ப நினைச்சாலும் காது சுடுது.)

எழுதினேன். மேகங்கள் இடம் மாறுவதில் ஆரம்பித்தேன். பறவைகள் கூடு மாறுகின்றன. நதி தான் நினைத்த வழியிலேயே கடலுக்குப் போவதில்லை. நாமும் இப்பூமியில் நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் அல்ல. இப்படி ஒரு பக்கம் போய், நதியெல்லாம் வற்றிய பிறகு, “ஆகவே” என்று ஹாலுக்கு வந்தேன். நீளமான செய்தி என்றால் வாட்ஸ்அப் நாலு வரியைக் காட்டிவிட்டு மிச்சத்தை ‘மேலும் படிக்க’வுக்குப் பின்னால் ஒளித்துவிடும். செம்பூர் அதற்குப் பின்னால் இருந்தது. அதுவும் வெகு தூரத்தில்.

ஒரே நிமிடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, “ஆமென். அருமை!” என்று போட்டார். பின்னாலேயே இரண்டு வீட்டாரும்.

“சம்பந்திக்கு ஒரு போன் போட்டும் சொல்லிருவமா மாப்ள?”

“எதுக்கு மாமா? முதல் ஆமென்னே அவரோடதுதான்.”

விசேஷத்தன்று செம்பூர் ஹாலில் பூ அலங்காரம் இருந்தது, கேட்டரிங்காரர் இருந்தார், பாஸ்டர் ஐயா இருந்தார். நாற்காலிகளில்தான் யாரும் இல்லை. “டிராபிக் மாமா, வந்துருவாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணியை நெருங்கும்போது மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“சம்பந்தி, நாங்க டிபன் முடிச்சாச்சு. காபி ஏ-ஒன்! ஆனா மேடையில வயசான ரெண்டு பேரு மாலையோட உக்காந்திருக்காவ. முன்னால ஒரே புகை. நீங்கல்லாம் எப்ப வாரிய?”

மாதுங்காவில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். கோட்டு சூட்டில் ஒரு கூட்டம் வந்ததும், பெரியவரின் ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்து, “வாங்கோ, வாங்கோ” என்று பன்னீர் தெளித்து பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களும் அதே பந்தியில்தான்.

மாமா விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொதித்தது. “அடுத்தவன் வீட்டுப் பந்தியில உக்கார வச்சிட்டாம்லே! இந்தச் சம்பந்தமே வேண்டாம். சலோ, உல்லாஸ்நகர்!” என்று பின்னால் யாரோ கத்தினார்கள். ஜெபாவின் முகம் செத்துப்போனது.

நான் போனை வாங்கினேன். “நான் மெசேஜ் போட்டிருந்தேனே, படிக்கலையா?”

“ஆமென் போட்டேன்லா!”

“முழுசா படிச்சியளா?”

“தம்பி, நீங்க தெனம் எழுதுறத முழுசா படிச்சா, நான் கடைய எப்பத் தொறக்க?”

இணைப்பு அறுந்தது. என் மனைவி ரூபி என்னைப் பார்த்த பார்வையை எழுதும் திறமை எனக்கு இன்னும் வரவில்லை. அவசரமாக மன்னிப்பு எழுத ஆரம்பித்தேன். “அன்பானவர்களே, மனித வாழ்வில் தவறு என்பது…” அதற்குள் பட்டுச்சேலையோடு ஓடிவந்த ஜெபா போனைப் பிடுங்கினாள். குரலிலேயே பதிவு செய்து குரூப்பில் விட்டாள்.

“மாமா, நான் ஜெபா. ஹால் செம்பூர்ல. தப்பு உங்க மேல இல்ல, எங்க அத்தான் மேல. டாக்ஸி பிடிங்க. நான் வாசல்ல நிக்கேன்.”

சொன்னபடி வாசலில் போய் நின்றாள். மாப்பிள்ளை அதைப் போட்டுக் காட்டியதும், “அத்தான் மேல” என்ற இடத்தில் சம்பந்தி சிரித்துவிட்டாராம். ஒருவர் சிரித்தபின் கூட்டத்தால் கோபமாக இருக்க முடியவில்லை. டாக்ஸிகள் வந்து சேர்ந்தன. அடுத்த விசேஷத்துக்காரர்கள் எங்கள் பூ அலங்காரத்தைக் கழற்ற ஆரம்பித்தபோது, அதன் முன்னால் மோதிரம் மாற்றினோம். பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்துக்கொண்டே மிகச் சுருக்கமாக ஜெபித்தார். எங்கள் பிரியாணியைச் சாப்பிட யார் வயிற்றிலும் இடமில்லை.

அதன்பிறகு நான் எழுதுவதெல்லாம் ஜெபாவிடம் போய், இளைத்துத்தான் வெளியே வந்தது. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்ததால், நானே துணிந்து எழுதினேன்: “பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.” என் வாழ்க்கையிலேயே தெளிவான எழுத்து.

உடனே சம்பந்தி போன் செய்தார். “தம்பி, உங்க போனை எவனும் அடிச்சிட்டானா? உங்க பேர்ல ரெண்டே வரியில ஒரு மெசேஜ் வந்திருக்கு. நான் நம்பல.”

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போதும் அவர் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். மாதுங்கா காபியின் நுரையை வர்ணிக்கவே அரை மணி நேரம் ஆகும். பிரியாணி ஆறிப்போகும். அவரைச் சுருக்கச் சொல்ல மட்டும் ஜெபாவுக்கு மனசு வருவதில்லை.