தொட்டியும் முப்பத்தோராம் பக்கமும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சுகம், சலவை இயந்திரங்கள் மூன்றும் சுகம், பாய்லர் சுகம். நான் சுகமில்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் ஒரு பல்வலியாவது இருந்தால்தான் உலகத்தில் நியாயம் இருக்கிறதென்று நம்புவேன். ஏனென்றால் மகளை அந்தப் படிப்பில் சேர்க்கச் சொன்னது நீங்கள். "மாப்ள, இது சாதாரண எம்.பி.ஏ. இல்ல. சுற்றுச்சூழலயும் சமூகத்தயும் கெடுக்காம வியாபாரம் பண்றது எப்படின்னு சொல்லிக் குடுக்குறாங்க. இனிமே இதுதான் எதிர்காலம்" என்று எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள். அந்த எதிர்காலம் இப்போது கையில் ஒரு அட்டையோடு என் சலவை நிலையத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நம்ம தொழிலோட தாக்கம் என்னன்னு நீங்க என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறது.

அந்தப் படிப்பைப் பற்றி எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். வியாபாரம் செய்து லாபம் பார்ப்பது முதல் வருஷம். பார்த்த லாபத்துக்கு வெட்கப்படுவது இரண்டாம் வருஷம். காகிதத்தை வீணாக்காதே என்று சொல்வதற்கு அந்தக் கல்லூரி அச்சடித்த புத்தகம் தலையணை கனம், ஒவ்வொரு பக்கமும் வழவழவென்று கண்ணாடி மாதிரி. தொடக்க விழாவில் பூமி சூடாகிறது என்று ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஏசி குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. எளிமையாக வாழ்வது எப்படி என்று பார்த்து வர மாணவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். நான் எளிமையாகத்தான் வாழ்கிறேன், என்னைப் பார்க்க நகரப் பேருந்தே போதும், ஒருவரும் வரவில்லை.

போன வருஷம் பயிற்சிக்கென்று அவளை ஒரு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். எந்த ஓட்டல் தெரியுமா? எண்பது அறை, நான் பதினாறு வருஷமாகத் துவைத்துக் கொடுக்கிறேனே, அதே ஓட்டல். அங்கே போய் உங்கள் மருமகள் சும்மா இருந்தாளா? குளியலறைக்குக் குளியலறை ஒரு பச்சை அட்டையை மாட்டினாள். 'இந்தத் துண்டை இன்னொரு நாள் பயன்படுத்துங்கள், பூமி உங்களுக்கு நன்றி சொல்லும்.' பூமி நன்றி சொல்லியிருக்கலாம். எனக்கு வருகிற துண்டு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. யாரோ போட்டிக்காரன் உள்ளே புகுந்துவிட்டான் என்று நான் இரண்டு மாதம் சந்து சந்தாக வேவு பார்த்தேன். கடைசியில் அந்த அட்டையின் அடியில் பொடி எழுத்தில் என் மகள் பெயர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது வேறெதுவுமில்லை.

இந்த வருஷம் இறுதி ஆய்வு. ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதன் நல்லது கெட்டதை அறிக்கையாக எழுத வேண்டுமாம். ஊரில் எத்தனையோ தொழில் இருக்க, என்னை எடுத்துக்கொண்டாள். வந்த முதல் நாளே துவைக்கும் தண்ணீரின் சூட்டை எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறக்கினாள். அன்று போன நூற்றிருபது படுக்கை விரிப்பும் கறை போகாமல் மறுநாள் காலையே திரும்பி வந்துவிட்டன. திரும்பத் துவைத்தோம், இரட்டைத் தண்ணீர், இரட்டை சோப்பு. "இது ஒரு முக்கியமான கண்டுபிடிப்புப்பா" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். எங்கள் சலவை மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதை என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே" என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு கூட்டம் போட்டாள். என் தொழிலால் யார் யாருக்கு என்ன பாதிப்பு என்று அவர்களே சொல்ல வேண்டுமாம். இஸ்திரி மேஜை மேல் பெரிய தாளை விரித்து, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்தாள். ரொம்பப் பெரிய பாதிப்பு என்றால் வலது மேல் மூலையில் ஒட்ட வேண்டும். வேலையாட்கள் எட்டுப் பேர், பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தர், ஆக ஒன்பது சீட்டு. நீராவி, சோப்பு நெடி, வெக்கை என்றெல்லாம் எழுதுவார்கள் என்று நானும் பெருந்தன்மையாக ஓரமாய் நின்றேன். வலது மேல் மூலையில் ஆறு சீட்டு வந்து ஒட்டிக்கொண்டது. ஆறிலும் ஒரே விஷயம்: 'முதலாளி கத்துறது.' "யாருய்யா எழுதினது?" என்று கேட்டேன். உடனே உங்கள் மருமகள் சத்தத்தை அளந்துகொண்டிருந்த கைபேசியை நீட்டி, "பாய்லர் எண்பத்து நாலுப்பா. நீங்க இப்போ தொண்ணூத்தொண்ணு" என்றாள். இருபது வருஷம் என் உப்பைத் தின்ற இஸ்திரிக்காரர், "பாய்லரையாவது அப்பப்ப அணைச்சு வைக்கிறோம் முதலாளி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

சிரிப்பு அடங்கியதும் அந்தத் தையல்கார அம்மாவின் சீட்டைப் படித்தாள். 'பின்னாடி வாய்க்கால்ல சோப்புத் தண்ணி. ரெண்டு வருஷமா ஜன்னலத் திறக்க முடியல.' வந்தது வினை. துவைத்த தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்பது சட்டம். என்னிடமும் தொட்டி இருக்கிறது. சோதிக்க வருகிற அதிகாரிகள் மூடியைப் பார்ப்பார்கள், மூடி நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். மூடியைத் திறந்த ஒரே ஜீவன் நான் பெற்றது. உள்ளே உடைந்த ஹேங்கர்கள், பழைய இஸ்திரிப் பெட்டி, இரண்டு இறக்கை போன மின்விசிறி. "இது தொட்டி இல்லப்பா, பரண்" என்றாள். தொட்டி மோட்டார் இரண்டு வருஷம் முன்பு புகைந்துபோனது. மாற்றலாம் என்றிருந்தபோது வேறு செலவு வந்துவிட்டது, குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், அதை விடுங்கள்.

இதை அறிக்கையில் முப்பத்தோராம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறாளாம். 'தண்ணீர் மேலாண்மையில் இந்நிறுவனம் தொடர்ந்து முன்னேறி வருகிறது' என்று போட்டுவிட்டுப் போயேன் என்றேன்.

"அது பொய்ப்பா."

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தானடி போடுறான்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

மச்சான், விஷயம் விளையாட்டில்லை. திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. கேள்வி கேட்க உட்காரும் மூவரில் ஒருவர் அந்த ஓட்டல் மேலாளர். முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தால் பதினாறு வருஷத்து வாடிக்கை அந்த மேஜையிலேயே முடிந்துவிடும், எட்டுக் குடும்பம் தெருவில் நிற்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தொழில் நடத்துபவர் கையெழுத்து வேண்டுமாம். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. மற்ற எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டேன், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்தப் பக்கத்தை நான் படிக்கவுமில்லை, என் அவமானத்தை என் கண்ணாலேயே படிக்க வேண்டுமா? மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. உங்கள் தங்கை அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு என்று இரண்டு அறைக்கு நடக்கிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். மாமா சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவளைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் உருப்படியாக ஏதாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
தொண்ணூற்றொன்று

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடியபோது மேஜையில் அந்த அறிக்கை திறந்து கிடந்தது. முப்பத்தோராம் பக்கத்தின் கடைசிப் பத்தியை மட்டும் படித்தேன். அப்படியே தருகிறேன்: 'தொட்டியின் மோட்டார் பழுதான மாதமும், இந்த அறிக்கையை எழுதும் மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்ட மாதமும் ஒன்றே. உரிமையாளர் இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த வாய்க்கால் அசுத்தத்தால் அதிகம் பயனடைந்தவர் இந்த மாணவிதான்.' உங்கள் தங்கையிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை, மச்சான். இவள் எங்கே போய் எந்த ரசீதைத் தோண்டினாளோ தெரியாது. கொஞ்ச நேரம் கண் சரியாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு மோட்டார்க்காரர் வருகிறார், தையல்கார அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், சத்தம் போடாமல்தான் சொன்னேன். ஓட்டல் போனால் போகட்டும், வேறு ஓட்டலுக்கா பஞ்சம். நீங்கள் அவளைக் கூப்பிட வேண்டாம். அவளே கூப்பிட்டுக் கேட்டால், நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சொல்லுங்கள்.