கௌசிக்கின் குளத்து மீன்

லேக் மார்க்கெட், கல்கத்தா
19 ஜனவரி 2004

பூஜ்யர் அத்திம்பேர் ஸ்ரீ சீதாராமன் அவர்களுக்கு, பார்த்தசாரதி அநேக தண்டன் சமர்ப்பித்து விஞ்ஞாபனம்.

இவ்விடம் நான், வத்சலா, கௌசிக் மூவரும் உயிரோடு இருக்கிறோம். இதை க்ஷேமம் என்று சொல்லலாமா கூடாதா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டுத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர் அதிகம். மற்றபடி குறையில்லை என்று எழுதத்தான் ஆசை.

தங்கள் நண்பரின் சென்னைக் கம்பெனியில் கௌசிக்குக்குத் தாங்கள் சொல்லி வைத்திருக்கும் வேலை விஷயமாகவே இதை எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று போன வாரம் தாங்கள் போனில் கேட்டீர்கள். "ஏண்டா பார்த்தா, ரெண்டு மடங்கு சம்பளத்தை வேண்டாம்கறானே, பையனுக்குப் புத்தி ஏதாவது பிசகிடுத்தா?" என்றும் கேட்டீர்கள். அப்போது பார்த்து லைன் தானாகவே கட்டாகிவிட்டது. புத்தி பிசகவில்லை, அத்திம்பேர். பிசகியிருந்தால் வைத்தியம் பார்க்கலாம். வத்சலாவோ, யாரோ பெங்காலிப் பெண் இருக்கிறாள் என்று முடிவே கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து ஃப்ளாட் பெங்காலி மன்னி, அந்தப் போவ்தியிடம், சந்தேஷ் என்ற பால் இனிப்புச் செய்யக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டாள். பெண்ணாக இருந்திருந்தாலும் சமாளித்திருப்போம். விசாரித்துப் பார்த்ததில் பெண்ணும் இல்லை. நானே கூப்பிட்டு உட்காரவைத்து, என்னடா காரணம் என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, இன்டர்வியூல நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், உங்க ஃபாக்டரித் தண்ணி கடைசில எங்க போறதுன்னு. அது உங்க டிபார்ட்மென்ட் இல்லைன்னு சிரிச்சா. அப்பவே எழுந்து வந்துடணும்னு தோணித்து." தங்கள் நண்பரை நான் குறை சொல்வதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது இன்டர்வியூவில் கேட்பார்களா? நாம் கேட்டோமா? துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் இருந்தேன், ஹூக்ளி நதியில் எது விழுந்தது, எது விழவில்லை என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்தப் பிள்ளை வேலை பார்ப்பது ஷ்யாமலி டையிங் ஒர்க்ஸ் என்ற சாயத் தொழிற்சாலையில். பைபாஸைத் தாண்டிக் கிழக்கே, கால்வாய் ஓரத்தில், சுற்றிலும் பேரி என்று இங்கே சொல்கிற மீன் ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. நூலுக்குச் சாயம் போட்டு மிஞ்சுகிற தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவது இவன் பொறுப்பு. கெமிக்கல் இன்ஜினியரிங்கில் தங்க மெடல் வாங்கியவன் என்ன செய்கிறான் என்று கல்யாணங்களில் கேட்கிறார்கள், நான் சட்டென்று பந்தி நடக்கும் பக்கம் திரும்பிவிடுகிறேன். அப்படி என்னதான் சொக்குப்பொடி போடுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட முடிவு செய்து, நேற்று முன்தினம் சனிக்கிழமை, தயிர் சாதத்தைக் கட்டிக்கொண்டு, அவனுக்குச் சொல்லாமலே போய் இறங்கினேன். முப்பது வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டியவன், பெங்காலி எனக்குத் தண்ணி பட்ட பாடு, யாரை வேண்டுமானாலும் விசாரித்துவிடலாம் என்ற தைரியம்தான்.

வாசலிலேயே நம்மவர் ஒருவர் அகப்பட்டார். ஏழுமலை, சாய மாஸ்டர், ஈரோட்டுப் பக்கம். வாயில் நுழையாத சஸ்டெய்னபிலிட்டி என்ற ஒரு வார்த்தையைப் போர்டில் எழுதி வைத்திருந்தார்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் செய்வதாம். அதைக் காட்டி, இதற்காகவா எல்லாரும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சற்றுக் கிண்டலாகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊருப் பக்கம் பத்து வருசம் சாயப்பட்டறையில இருந்தேனுங்க. பொண்ணு பார்க்கப் போன எடத்துல, மாப்பிள்ளைக்கு எங்க வேலைன்னு கேட்டாங்க. அவுங்க கெணத்துல அப்பத்தான் செவப்புத் தண்ணி வந்துட்டிருந்துச்சு. என்னத்தைங்க சொல்றது? இங்க வந்தப்புறம் யாரு கேட்டாலும் கம்பெனிப் பேரோட சொல்றேனுங்க" என்றார். இரண்டு வருஷம் முன்னால் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதானபோது, ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று முதலாளி ஃபாக்டரியையே மூடிவிட்டு, எல்லாருக்கும் முழுச் சம்பளமும் கொடுத்தாராம். அதிலிருந்து ஒருத்தன்கூட வேலையை விடவில்லையாம். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தால் என் பிள்ளை எப்படிச் சென்னைக்கு வருவான்?

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைச் சொன்னார். அத்திம்பேர் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சுத்தமான தண்ணீர் கால்வாய்க்குப் போவதற்கு முன்னால் வாசலை ஒட்டிய ஒரு குளத்தில் தங்கிப் போகிறது. குளத்தில் மீன் வளர்க்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அந்த மீனைப் பிடித்துக் கேன்டீனில் ஜோல் என்ற குழம்பு வைத்து, முதல் தட்டு முதலாளிக்கு, இரண்டாம் தட்டு தண்ணீருக்குப் பொறுப்பானவருக்கு. அப்புறம்தான் மற்றவர்களுக்கு. தண்ணீருக்குப் பொறுப்பானவர் தங்கள் மருமான். பயப்பட வேண்டாம், அவன் தட்டை இரண்டு வருஷமாக ஏழுமலைதான் சாப்பிட்டு வருகிறார். குழந்தை தொட்டதுகூட இல்லை. ஆனாலும் ஊறுகாய்க் கரண்டி மாறினால் கோபப்படுகிற தங்கள் முகம் என் கண்முன் வந்து நின்றது. இன்றோடு சரி, இவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ராஜினாமா எழுத வைத்துவிட வேண்டும் என்று கேன்டீனுக்கு நடந்தேன்.

அப்போதுதான் கேட்டில் சத்தம் கேட்டது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற பக்கத்துப் பேரியில் விடியற்காலையில் மீன் எல்லாம் செத்து மிதந்திருக்கிறது. அந்த மீனவர்கள் மூங்கில் கழிகளோடு வந்து, கூடை கூடையாகச் செத்த மீனைக் கேட்டுக்கு முன்னால் கொட்டினார்கள். ஒரு வருஷத்துப் பிழைப்பு மண்ணில் கிடந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் நிதாய் என்று ஒருவன். கத்தவில்லை, தாழ்ந்த குரலில்தான் பேசினான். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. முதலாளி பிரணவேஷ் பாபு கேட்டைத் திறக்கச் சொல்லி, தன் தட்டை அங்கேயே வரவழைத்து, அவர்கள் எதிரில் நின்று சாப்பிட்டார். நிதாய் அசையவில்லை. நீ உன் லாபத்துக்காகச் சாப்பிடுவாய், வீட்டுக்குப் போய் டாக்டரையும் பார்ப்பாய், தண்ணீரைத் திறந்துவிட்டவன் சாப்பிடட்டும் என்றான். ஏழுமலை ஓடிப்போய் நான் சாப்பிடுகிறேன் என்றார். திறந்தது அவன், சாப்பிடுவது நீயா என்று அவரைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். இந்த மதராஸி சைவமாம் என்று யாரோ சொல்ல, பின்னாலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

மானேஜர் என்னிடம் வந்து, பின்பக்கம் கேட் இருக்கிறது, வேன் நிற்கிறது, பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று காதில் சொன்னார். பெருமாளே வழி விட்டதுபோல் இருந்தது. கௌசிக்கின் கையைப் பிடித்து, வாடா போய்விடலாம், நாளைக்கே சென்னைக்கு டிக்கெட் போடுகிறேன் என்று இழுத்தேன். என்னை அங்கே பார்த்து அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை. "நான் இப்பப் போயிட்டா, தண்ணி கெட்டதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்பா" என்று கையை விடுவித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தான். அத்திம்பேர், நான் பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் ஒருத்தன் கழியை ஓங்கினால் தடுக்க யாரும் இல்லை. கௌசிக் குளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து எல்லார் எதிரிலும் மடமடவென்று குடித்தான். ஒரு டம்ளர் தண்ணீர் என்ன சொல்லும், மீன்தானே வருஷம் பூரா அதில் கிடக்கிறது என்று நிதாய் அந்த இரண்டாம் தட்டை அவன் எதிரில் நீட்டினான். ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கை நீண்டது, திரும்பி வந்தது, மறுபடி நீண்டது. அவன் கண் என்னைத் தேடியது. அவன் அம்மாவை நினைத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நிமிஷத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்து அந்தத் தட்டை வாங்கிக்கொண்டார். கம்பெனியைச் சேர்ந்தவராக இருக்கும். விசாரிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. நிதாய் அவரிடம் ஏதோ கேட்டான், அவர் ஏதோ பதில் சொன்னார், அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குப் பெங்காலி போதாது. அந்தப் பதிலைக் கேட்டுக் கூட்டம் அடங்கிவிட்டது என்பது மட்டும் உண்மை. பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டார். முள்ளைப் பற்றி அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாயிலேயே தொண்டையில் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கியது. விஷம்தான் வேலை செய்கிறது என்று கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. ஒரு மீனவப் பெண்தான் வெறும் சோற்றை உருட்டி விழுங்கக் கொடுத்து அவரைக் காப்பாற்றினாள். மீதி மீனை அவளே முள் எடுத்து வைக்க, முழுவதையும் சாப்பிட்டார். அப்புறம் எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, விழுகிறாரா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதைவிட நீளமான நேரத்தை நான் அனுபவித்ததில்லை, அதாவது, பார்த்ததில்லை. பெரியவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. நிதாய் எழுந்து தனக்கும் ஒரு தட்டு கேட்டான்.

மாலையில் கௌசிக்கும் மீனவர்களும் கால்வாய் ஓரமாகவே நடந்துபோய்ப் பார்த்ததில், வெகு தூரம் மேலே எவனோ லாரி டாங்கரில் கொண்டுவந்த எதையோ தண்ணீரில் கவிழ்த்திருக்கிறான் என்று தெரிந்தது. இப்போது போலீஸ் விசாரிக்கிறது. பேரியைச் சுத்தம் செய்து கொடுக்கக் கம்பெனி ஆட்கள் லீவு நாளான நேற்றும் போயிருந்தார்கள். ஒருத்தரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே போனார்கள்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றவனுக்கு வயிறு எரிகிறதே. ஒவ்வொரு தடவையும் ஒரு பெரியவர் கிடைப்பாரா? நம் குடும்பத்தில் மீன் கையால் தொட்டவர் கிடையாது, இனியும் கிடையாது. ஆகையால் அந்த வேலையைத் தாங்கள் எப்படியாவது மாதக் கடைசி வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். நான் பிள்ளையிடம் கண்டிப்பாகப் பேசி, அடுத்த வாரமே ரயில் ஏற்றிவிடுகிறேன். இது உறுதி. அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் விவேக்குக்கும் மஹிமாவுக்கும் ஆசீர்வாதம். பெருமாள் எல்லாரையும் ரட்சிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
பார்த்தசாரதி

பின்குறிப்பு: அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் வத்சலா சேவித்து எழுதுவது. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு இவர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். அந்தப் பெரியவர் இவர்தான். கௌசிக் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நீங்கள் யார் என்று அந்த நிதாய் கேட்டானாம். "நான் இவனோட அப்பா. இவன் விட்ட தண்ணியில எனக்கு ஏதாவது ஆனா, எனக்குக் கொள்ளி போட வேண்டியவனும் இவன்தான். தட்டைக் குடு" என்றாராம், ஒரு பிசகு இல்லாத பெங்காலியில்.

வீட்டுக்கு வந்து அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூணூல் மாற்றிக்கொண்டு, பெருமாள் இருக்கும் பக்கமே வராமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். தட்டு வைத்துக் கூப்பிட்டேன். "எனக்குப் போடுவியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. போட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு, எப்படித்தான் இருந்தது என்று கேட்டேன். "மீன் நன்னா இருந்துதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தண்ணி நன்னா இருக்கு, வத்சலா" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். இன்று ஆபீசுக்குக் கிளம்பின பிள்ளையை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார், அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படிச் செய்ததே இல்லை.

ஆகையால் அத்திம்பேர் அந்தச் சென்னை வேலையை வேறு யார் பிள்ளைக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். கோபம் வந்தால் என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாலே சிரிக்கிறார்களாமே. அந்த ஊரில் ஒரு நாள் கேட்டுக்கு எதிரில் கூட்டம் வந்து நின்றால், இவர் பிள்ளைக்காகத் தட்டை வாங்காமல் இருக்கப்போவதில்லை. அந்தத் தட்டைச் சாப்பிட்டுவிட்டு உயிரோடு வீட்டுக்கு வருவாரா என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.