பிகாஸுக்குப் பின்னால் காலி இடம்

"காரணத்தைச் சொல்லணும், ஆனா யார் பேரும் வரக் கூடாது. அப்படி எழுதும்மா, யோனேதா சான்!" என்றார் முதலாளி குரோகாவா.

ஜப்பானில், நீகாட்டாவில் இருந்த அந்தப் பாத்திர மூடித் தொழிற்சாலையில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஜீவன் யோனேதா இட்சுகோதான். சிங்கப்பூர் வாடிக்கையாளரிடமிருந்து அந்தத் திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்திருந்தது. 'இந்த மாத மூடிகள் இப்படி இருப்பதற்கு யார் காரணம்? ஆங்கிலத்தில் எழுதி அனுப்பவும். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறோம்.'

"எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே, முதலாளி?"

"வாடிக்கையாளர்கிட்டப் போய் 'என்ன தப்பு'ன்னு கேட்பியா? நேர்ல வரும்போது முதல்ல குனிஞ்சு மன்னிப்பு. அப்புறம்தான் மத்ததெல்லாம்!"

'பிகாஸ்' போட்டு, பரிசோதனைப் பிரிவு என்று எழுதினாள். எல்லாப் பிரிவுகளின் முத்திரையும் விழுந்தால்தான் கடிதம் வெளியே போகும்; அந்தப் பிரிவுத் தலைவர் மினோபே முத்திரை குத்த மறுத்தார். "பொண்ணு கல்யாணம் வர்ற நேரத்துல என் தலையிலயா கட்டுறே?"

பட்டறை என்று மாற்றினாள். பட்டறையே வேலையை நிறுத்தியது. "மெஷினைச் சொல்லேன்!" என்றார்கள். மெஷினை வாங்கியது முதலாளியின் மைத்துனர். கடைசியில் ஆளே வேண்டாம் என்று 'ட்யூ டு' போட்டு மழையின் மேல் பழியைப் போட்டாள்.

"இந்த மாசம் மழையே பெய்யலையே," என்றார் மினோபே.

வியாழக்கிழமை முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "பேசாம 'பிகாஸ்'னு போட்டு உன் பேரை எழுதிடு. நீ ஒப்பந்த ஆள்தானே? வெள்ளிக்கிழமையோட முடியுது. எழுதினா ஒப்பந்தத்தை நீட்டிக்கிறேன்."

பதினோரு வருஷமாக ஒப்பந்த ஆள். அம்மாவின் மருந்தும் வீட்டு வாடகையும் ஒரு நொடி இட்சுகோவின் கண்முன் வந்துபோயின.

"மாட்டேன். செய்யாத தப்புக்கு நான் தலை குனிய மாட்டேன்."

"அப்போ வேலை போயிடும்."

"போகட்டும். பிகாஸுக்குப் பின்னால இடம் விட்டிருக்கேன். தைரியம் இருந்தா நீங்களே எழுதிக்குங்க!"

முதலாளி தன் வாழ்க்கையின் முதல் ஆங்கில எழுத்துகளை எழுதினார். யோனேதா இட்சுகோ. நாலு நாளாக நகராத முத்திரைகள் நாலே நிமிஷத்தில் வரிசையாக விழுந்தன. கடிதம் பறந்தது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்தார். தொழிற்சாலையே வாசலில் நின்று இடுப்பு வரை குனிந்தது. இட்சுகோ மட்டும், கைப்பையை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"குனிடி!" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

"முடியாது!"

வாடிக்கையாளருடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளப் பெண் எல்லாரையும் குழப்பத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன் எல்லாரும் இப்படிக் குனியறீங்க? ஒரு மூடியில கூடக் குறையில்லாம வந்ததுக்கு யார் காரணம்னு கேட்டோம், நீங்களும் இத்தனை முத்திரை குத்தி ஒரே பேரைச் சொல்லிட்டீங்க. எங்க புதுத் தொழிற்சாலையை நடத்த அவங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம்!"