உப்பு இல்லாத டீ

"அக்கா, டீ உப்புக் கரிக்குதுக்கா."

ஆட்டோ ஸ்டாண்டு கோவிந்தராசு இப்படிச் சொன்னதும், டீ ஆற்றிக்கொண்டிருந்த அமுதவல்லியின் கை அப்படியே நின்றது. கதிர்காமத்தில் அவள் கடை போட்டுப் பதினோரு வருடம். பாலைப் பற்றியோ தூளைப் பற்றியோ ஒருவர் வாய் திறந்ததில்லை. இப்போது உப்பாம்!

"நல்லாக் குடிச்சிப் பாருடா."

"பார்த்துட்டேன்க்கா. கடல் தண்ணி மாரி இருக்குது." கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

அவள் புருஷன் ஆதிமூலம், மில் மூடியதிலிருந்து கடையில் கிளாஸ் கழுவுகிறவர், ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, அமுதா."

"இருபது வருசம் மில்லுல பஞ்சு தின்ன நாக்குக்கு இன்னாய்யா தெரியும்?"

அவள் பாய்லர் மூடியைத் திறந்தாள். உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. "பார்த்தியா! எல்லாம் இந்தக் குழாத்தண்ணி வேலை!"

அந்தக் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் தெரு புலம்பிவிட்டுச் சும்மா இருந்தது. அமுதவல்லி சும்மா இருக்கிற ஆள் இல்லை. சிக்கல் வந்த நிமிடமே அவளுக்கு வழியும் தோன்றிவிடும். நடுவில் யோசிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

கால் கிலோ புளியைக் கரைத்துப் பாய்லருக்குள் ஊற்றித் தேய்த்தாள். படிவு உரிந்து வந்தது, பாய்லர் பளபளத்தது. அவசரத்தில் ஒரே தண்ணீரில் அலசிவிட்டுக் கொதிக்க வைத்தாள். அந்தச் சுடுதண்ணீர் பட்டதும் கிளாஸ் கிளாஸாகப் பால் திரிந்தது.

"புளியாலதான் திரிஞ்சுது," என்றார் ஆதிமூலம்.

"தண்ணி அப்படிப்பட்டது. பாலே பயந்துடுச்சு பாரு!"

அடுத்து படிகாரம். குடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும் என்று அவர் சொன்னார். இரண்டு சுற்றில் போகிற உப்பா இது என்று அவள் கட்டியைக் குடத்திலேயே போட்டுவிட்டாள். முதல் டீ, தினமும் வரும் சுப்பிரமணியன் வாத்தியாருக்கு. ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்து, நாக்கை நீட்டித் துண்டால் துடைத்தார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "ஷேவிங் பண்ணிட்டு முகத்துல தேய்ப்பாங்களே, அதை நாக்குல தேய்ச்ச மாதிரி இருக்கு."

மறுநாளே கேன் தண்ணீர் வந்து இறங்கியது. கடை வாசலில் சிலேட்டும் தொங்கியது: 'இங்கு உப்பு இல்லாத டீ கிடைக்கும்.'

அதைப் படித்தவர்கள், "அப்போ இவ்ளோ நாளா உப்பு இருந்துச்சா?" என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். அதோடு அவள் கைக்குக் குழாய்த் தண்ணீர் பக்குவம்தான் பழக்கம். அதே அளவுத் தூள் கேன் தண்ணீரில் கசந்தது. குறைத்தால் சப்பென்றிருந்தது. வாத்தியார் எதிர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அமுதவல்லி அசரவில்லை. குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்கே போனாள். அங்கிருந்த இன்ஜினியர் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுச் சோதித்தார்.

"கடினத் தண்ணிதாம்மா. சோப்பு நுரைக்காது, பாத்திரத்துல வெள்ளையாப் படியும். ஆனா குடிச்சா உப்புக் கரிக்கிற தண்ணி இல்லை. உங்க பக்கம் ரொம்ப வருஷமா இதே அளவுதான்."

"உங்க மருந்துக்கு நாக்கு இல்ல சார். என் கஸ்டமருக்கு இருக்குது," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தாள்.

பத்து நாளாகக் கண்ணில் படாத கோவிந்தராசு அன்று சாயங்காலம் ஆட்டோவை நிறுத்தி இறங்கினான். காலி பெஞ்சைப் பார்த்தான். "இன்னாக்கா, கடையில ஒருத்தரையும் காணோம்?"

"அதை விடு. மொதல்ல இதைக் குடி." கேன் தண்ணீரில், தன் கையாலேயே, நுரை ததும்ப ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். ஆதிமூலம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

அவன் உறிஞ்சினான். சப்புக்கொட்டினான்.

"உப்பு இருக்குதா?"

"சுத்தமா இல்லக்கா."

அமுதவல்லி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருடக் கடையை அவளே மீட்டெடுத்த பார்வை அது. "கேட்டுக்கினியா? நாக்குன்னா இது நாக்கு!"

ஆதிமூலத்துக்கு மனசு ஆறவில்லை. "அப்போ அன்னிக்கு மட்டும் எப்படிடா கரிச்சுது?"

"அன்னிக்கா?" கோவிந்தராசு சிரித்தான். புதிதாக ஒரு பல் குறைந்திருந்தது. "அன்னிக்குப் பல்லுவலி உயிர் போச்சுண்ணே. கடவாயில கல்லுப்பை அடக்கி வச்சிக்கினுதான் டீயே குடிச்சேன்."