பின்பக்கம் ஒரு தீப்பெட்டி உயரம்

கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

வேதமணி தன் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்தார். ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்ப் பார்த்தார். குத்தவைத்து உட்கார்ந்தும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் தொட்டியில் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரிதான் தெரிந்தது.

அன்று காலையில்தான் காரின் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டியிருந்தார். பழையவை எண்ணெய் கசிந்து செத்துப் போயிருந்தன. புதியவை மதராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்தவை. மாட்டுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஜாக்கியை இறக்கிய பிறகுதான் சிரமம் ஆரம்பித்தது.

கோவில்பட்டி வட்டாரத்தில் அப்படிப்பட்ட கார் அது ஒன்றுதான். இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். கூரை கிடையாது, மழை வந்தால் கித்தான் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். மழைக்கு ஊரே காத்துக்கிடக்கிற கரிசல் காட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஒருவழியாகக் கப்பலேறியபோது, தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி மாயகிருஷ்ணன் அதை வாங்கிப் போட்டார். எதற்காக வாங்கினார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அவருடைய மனைவியின் தங்கை புருஷன், ஓட்டப்பிடாரத்துக்காரர், போன பொங்கலுக்குச் சொந்தக் காரில் வந்து இறங்கியிருந்தார்.

வேதமணி அதுவரை பார்த்ததெல்லாம் லாரிகளும், பருத்தி அரவை எஞ்சின்களும்தான். பஸ் முதலாளி கோபாலசாமி தன் பஸ்களை இனிமேல் வேதமணியிடம் விடலாமா என்று சில மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். அவர் நிதானமாக யோசிக்கிறவர். இந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கும் ஒரே பந்தயக் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் இப்படி நிற்பது நல்லதில்லை.

சாயங்காலம் மாயகிருஷ்ணன் வந்தார். கூடவே அவருடைய லாரி டிரைவர் பூவனலிங்கமும் வந்தான்.

“என்ன வேதமணி, கழுதை ஒதைக்கதுக்கு நிக்க மாதிரி நிக்கி?”

“புது ஷாக்கு, மொதலாளி. ஓடஓட எறங்கிரும்.”

மாயகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். முன்பக்கம் மூன்று பெட்டி கொண்டது. பின்பக்கம் நான்கு.

“ஒரு பெட்டி ஒசரம். வீட்ல மீனாட்சி பாத்தா என்னத்துக்குப் பின்னால தூக்கிக்கிட்டு நிக்கின்னு கேப்பா.”

“நாளைக்குச் சரி பண்ணித் தாரேன், மொதலாளி.”

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது வேதமணிக்குத் தன் தப்பு பிடிபட்டது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாப் போல்ட்டையும் இறுக்கியிருந்தார். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு, வண்டியைக் கீழே உட்காரவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

மறுநாள் காலையில் போல்ட்டுகளைத் தளர்த்தினார். பின்னால் இரண்டு நிலக்கடலை மூட்டைகளை ஏற்றி, வண்டியை நன்றாக ஆட்டி உட்காரவைத்து, அப்புறம் இறுக்கினார். மூட்டைகளை இறக்கிவிட்டுத் தீப்பெட்டி வைத்துப் பார்த்தார். முன்னால் மூன்று, பின்னாலும் மூன்று. “ஸ்தோத்திரம்” என்று முணுமுணுத்துக்கொண்டார்.

மாயகிருஷ்ணனும் அளந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நிக்கும்போது சரிதான். ஓடும்போது எப்படின்னு ஒரு டிரையல் பாத்துட்டு வாரோம்.”

வேதமணி கையைத் துடைத்துக்கொண்டார். “நானும் வாரேன். பின்னால என்ன சத்தம் வருதுன்னு கேக்கணும்.”

“ரெண்டு பேருக்குத்தான எடம் இருக்கு” என்றார் மாயகிருஷ்ணன்.

அது உண்மைதான். பூவனலிங்கம் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, முதலாளி பக்கத்தில் உட்கார, கார் பசுவந்தனை ரோட்டில் புழுதிக்குள் மறைந்தது.

வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது முன்பக்க பம்பரில் ஒரு பருத்திச் செடி வேரோடு தொங்கியது. மாயகிருஷ்ணனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“இன்னும் பின்பக்கம் ஏத்தமாத்தான் இருக்கு” என்றார்.

“மூணு பெட்டிதான மொதலாளி கொள்ளுது?”

“நிக்கும்போது மூணு. ஓடுனா ஏறிருது. மூக்கு தரையைப் பாக்குது, வண்டி தானா காட்டுக்குள்ள எறங்குது.”

வேதமணி பூவனலிங்கத்தைப் பார்த்தார். பூவனலிங்கம் வேப்பமரத்து உச்சியில் இருந்த காக்காயைப் பார்த்தான்.

“நீ சொல்லுடே.”

“ஆமா அண்ணாச்சி. காட்டுக்குள்ளதான் எறங்குது.”

ஓடும்போது மட்டும் பின்பக்கம் ஏறுகிற வண்டியை வேதமணி பார்த்ததில்லை. ஆனால் பந்தயக் காரையும் அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் அடுக்குகளிலிருந்து பக்கத்துக்கு ஒரு பட்டையை உருவினார். பின்பக்கம் பதுங்கி உட்கார்ந்தது. மறுபடி டிரையல் போனார்கள்.

இந்தத் தடவை காருக்கு முன்னால் தீய்ந்த வாடை வந்து சேர்ந்தது. வலது மட்கார்டில் ஒரு நசுங்கலும் இருந்தது.

“கிளட்சு தீஞ்சிருக்கே, மொதலாளி.”

“தீயாம என்ன செய்யும்? பின்பக்கம் தரையில இழுக்கு. அதையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடணும்லா?”

“மட்கார்டு?”

“எறக்கமா இருக்கதுனால ஒரு பக்கமா ஒதுங்குது. பனைமரம் எடம் குடுக்கல.”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பட்டையை உருவியதுதான் தப்பு என்று வேதமணி தன்னையே நொந்துகொண்டார். பழைய ஜீப் ஒன்றிலிருந்து பட்டைகளைக் கழற்றி, அளவுக்கு அறுத்து மாட்டினார். ஜீப்புக்கு இருந்த பலம் இந்தக் காருக்குத் தேவைப்படவில்லை. பின்பக்கம் ஐந்து பெட்டிக்கு எழும்பியது. அதிலும் இடது பக்கம் மட்டும் கூடுதலாக எழும்பியதால், கார் தோளைச் சாய்த்துக்கொண்டு யாரையோ கேலி பேசுவது போல் நின்றது.

அதையும் டிரையல் பார்த்தார்கள்.

“தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போகுது” என்று சொன்ன மாயகிருஷ்ணன், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “நின்னு நின்னு வேற போகுது.”

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குட்டிக் காரை நேராக நிறுத்தத் தெரியாதவனிடம் பஸ்ஸை எப்படி விடுவது என்று கோபாலசாமி மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

ஒருநாள் முற்பகலில் குதிரை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. மாயகிருஷ்ணனின் மனைவி மீனாட்சியம்மாள் இறங்கினாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏன் அண்ணாச்சி, வார வெள்ளிக்கெழம என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. நாங்க ரெண்டு பேரும் ஓட்டப்பிடாரத்துக்கு இதுலதான் போய் எறங்கணும். தெரியும்லா?”

“தெரியும்மா.”

“எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இவிய என்னன்னா தெனம் வந்து ஒசரம் சரியில்ல, ஒசரம் சரியில்லங்காவ. நீங்க செய்யுத வேலைதான் சரியில்லையா, இல்ல வண்டியே இப்படித்தானா?”

“ரெண்டு நாள்ல நேராக்கித் தாரேன்மா.”

“கோணலா இருந்தாலும் குடுத்துருங்க. நாங்க உக்காந்தா கோணல் தெரியாது.”

அன்று மத்தியானம் வேதமணிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி எஸ்தர்ராணி தட்டையும் அவரையும் பார்த்தாள்.

“நேரா நின்னப்ப எப்படி வச்சிருந்தீங்களோ, அப்படியே திருப்பி வச்சிருங்களேன். கெட்டாலும் பழைய கேடாப் போகட்டும்.”

“அதுதான் ஓடும்போது ஏறுதாம்ட்டி.”

“நீங்க கண்டீங்களா?”

அவர் கண்டதில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஜீப் பட்டைகளை எடுத்து மூலையில் எறிந்தார். காரின் சொந்தப் பட்டைகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, வரிசை மாறாமல் பூட்டினார். கடலை மூட்டைகள் மறுபடி ஏறின. வண்டியை ஆட்டி உட்காரவைத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். கிளட்ச் தகட்டை மாற்றினார். மட்கார்டை உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தினார். மறுநாள் வெயில் தாழ்ந்தபோது கார் தரைக்கு ஒட்டினாற்போல், நூல் பிடித்த மாதிரி நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கோபாலசாமி அந்தப் பக்கமாக வந்தார். காரைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

“நேராத்தான நிக்கி?”

“நேராக்கியாச்சு.”

கோபாலசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். “வியாழக்கெழம ஒரு பஸ்ஸைக் கொண்டாந்து விடுதேன். அதைப் பாத்துட்டு மத்ததுக்குச் சொல்லுதேன். அன்னைக்கும் இந்தக் காரு இதே மாதிரி நிக்கணும், ஆமா.”

அவர் போனதும் மாயகிருஷ்ணனும் பூவனலிங்கமும் வந்தார்கள். நான்கு சக்கரத்திலும் தீப்பெட்டிகளை அடுக்கிப் பார்த்தார் மாயகிருஷ்ணன். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. டிரையல் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார்கள். செடி இல்லை, வாடை இல்லை, நசுங்கல் இல்லை.

“இப்ப காட்டுக்குள்ள எறங்குதா, மொதலாளி?”

“இல்ல.”

“குதிக்கா?”

“இல்ல.”

“அப்ப ஒரு கொறையும் இல்ல?”

மாயகிருஷ்ணன் காரை இன்னொரு தடவை சுற்றி வந்தார். முன்னால் குனிந்தார், பின்னால் குனிந்தார். தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டார்.

“இல்ல” என்றார், இழவு வீட்டில் பேசுகிற குரலில். பிறகு காரில் ஏறாமல், வெயிலில் நடந்தே தொழிற்சாலைப் பக்கம் போனார்.

வேதமணிக்குப் பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது. மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். சாவியை எடுத்துப் பூவனலிங்கத்திடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. முதலாளி தெருத் திரும்பிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கிட்டத்தில் வந்தான்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கெழம தாண்டுத வரைக்கும் பின்பக்கத்தை எப்படியாச்சும் தூக்கியே வச்சிருங்க, மொதலாளி இப்பத்தான் நேரா ஓட்டப் படிச்சிருக்காவ, திருப்ப இன்னும் வரல.”