இரண்டு அங்குல விடுதி

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவியர் விடுதிகள் நான்கு. நான்கையும் ஒரே ஆண்டில், ஒரே வரைபடத்தை வைத்து, ஒரே ஒப்பந்தக்காரர் கட்டினார். ஆகவே நான்கிலும் மழைக்கு ஒழுகும் இடம்கூட ஒன்றுதான்: இரண்டாம் மாடிப் படிக்கட்டின் மேற்கு மூலை. ஆனால் குணத்தில் நான்கும் நான்கு திசை என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

முதல் விடுதி படிப்பாளிகளுடையது. துணி காயப்போடும் கொடியில் பாடக் குறிப்புகளைக் கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். இரண்டாவதற்கு 'நாடகக் கொட்டகை' என்று பெயர். பக்கத்து அறையில் சோப்பு கேட்பதற்குக்கூட ஒருத்தி நடு வராந்தாவில் நின்று, தொண்டையைச் செருமி, கையை நீட்டித்தான் கேட்பாள். மூன்றாவது 'கோர்ட்டு'. குழாய் சொட்டினால் மூன்று கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். குழாய் அதுபாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். நான்காவது தூங்குமூஞ்சி விடுதி. தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தபோது அங்கிருந்து வெளியே வந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் மணியை நிறுத்தச் சொல்லத்தான் வந்தார்கள்.

இந்தக் குணபேதத்துக்கு என்ன காரணம் என்று பெரிய மனிதர்கள் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காரணம் நான்தான். விடுதி ஒதுக்கீட்டுப் பிரிவின் எழுத்தர்.

இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்று என் மேசையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. "விண்ணப்பதாரரின் மனப்போக்கினைக் கருத்திற்கொண்டு உரிய விடுதியை ஒதுக்குக." மனப்போக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் இல்லை. யாரிடமாவது கேட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். சாக்கிலிருந்து கொட்டிய விண்ணப்பங்களை அடுக்கி, அடிக்கோலால் அளந்தேன். எட்டு அங்குலம் இருந்தது. மேலே இரண்டு அங்குலம் முதல் விடுதி, அடுத்த இரண்டு அங்குலம் இரண்டாவது, இப்படியே கீழே வரைக்கும். இன்றுவரை அதுதான் முறை. அடிக்கோல்கூட மாறவில்லை. யார் பெயர் எங்கே விழுகிறது என்று நான் படிப்பதில்லை. தட்டச்சு செய்வதோடு சரி. படித்தால் பாரபட்சம் வந்துவிடும் அல்லவா?

இந்த வருடம் 'விடுதிக் குணநல ஆய்வுக் குழு' ஒன்று அமைந்தது. துணைப் பதிவாளர் தலைவர், பேராசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள். முதல் விடுதித் தண்ணீரில்தான் விசேஷம் என்று முடிவுகட்டி, அதைக் குடம் குடமாக நான்காம் விடுதிக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் பிரமாதம், தூக்கம் இன்னும் ஆழமாக வருகிறது என்று அங்கிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஆய்வு முடியும்வரை ஒதுக்கீட்டில் எவரும் கைவைக்கக் கூடாது என்று, நான் தட்டச்சு செய்திருந்த இந்த வருடப் பட்டியலுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், இந்த வருடம்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விடுதிக்கு விண்ணப்பித்திருந்த என் ஒரே மகள் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எனக்கு நாலாவது விடுதிம்மா."

"தூங்குமூஞ்சி விடுதியா? உன்னை யாருடி அங்க போட்டது?"

"நீதாம்மா. கீழ உன் கையெழுத்து இருக்கு."

மறுநாள் காலையில் குழுவின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, என் பொண்ண முதல் விடுதிக்கு மாத்தணும்."

"முடியாதும்மா," என்றார் துணைப் பதிவாளர். "மனப்போக்கு பார்த்து முறைப்படி ஒதுக்கியாச்சு."

"முறையும் இல்ல, ஒன்னும் இல்லைங்க. அடிக்கோல் வச்சு அளந்து பிரிச்சேன். விடுதிக்கு ரெண்டு அங்குலம்."

இருபத்தோரு வருடக் கதையையும் கொட்டிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது. துணைப் பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நாலு விடுதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்கறீங்க?"

"துளிகூட இல்லைங்க."

"வித்தியாசமே இல்லைன்னா எதுக்கு மாத்தணும்?"

"நாலாவதுல போட்டா தூங்கியே உருப்படாம போயிடுவாளே ஐயா!"

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஐந்து தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

"எங்க அக்கா பொண்ணும் நாலாவதுலதான் இருக்கா, பாவம்," என்றார் உளவியல் பேராசிரியை.

"என் மச்சினி பொண்ணு கோர்ட்டுல," என்றார் துணைப் பதிவாளர். "சோத்துல உப்பு குறைஞ்சா எழுத்துப்பூர்வமா விளக்கம் கேக்கறா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அந்த அடிக்கோல்ல மேல கொஞ்சம் இடம் இருக்குமா?"

நிர்வாக நலன் கருதி அரக்கு உடைக்கப்பட்டது. குழுவினரின் சொந்தபந்தம் பதினோரு பேர் முதல் இரண்டு அங்குலத்துக்கு உயர்ந்தார்கள். கடைசியாக ஒரு தீர்மானம்: எழுத்தரின் மகளை மாற்றினால் பாரபட்சம் என்ற அவப்பெயர் ஏற்படும் என்பதால், அம்மாணவி இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். கூட்டக் குறிப்பில் அதை அழகான கையெழுத்தில் எழுதியவளும் நான்தான்.

முதல் மாத முடிவில் மகள் வீட்டுக்கு வந்தாள். பதினோரு மணிக்கும் போர்வை அசையவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே உட்கார்ந்து குழுவுக்கு ஒரு புகார் எழுதினேன். "விடுதியில் சேரும்வரை மிகுந்த சுறுசுறுப்புடன் விளங்கிய என் மகள்..."

பேருந்து ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"இவ எப்போ பத்து மணிக்கு முன்னாடி எழுந்தா? போன வருஷம் பரீட்சைக்கே நான்தானே தூக்கிட்டுப் போய் பஸ்ல உக்கார வச்சேன்?"

"அது வேற தூக்கம்," என்றேன்.

புகார் திங்கட்கிழமை என் மேசைக்கே வந்தது. பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, குழுவுக்கு அனுப்பினேன். அங்கே ஒரே கொண்டாட்டமாம். குழுவின் இறுதி அறிக்கை போன வாரம் அச்சாகி வந்தது. நூற்றுப்பதினான்கு பக்கம். விடுதிகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது; ஒரே ஆதாரமாக ஒரு தாயின் கடிதம் பின்னிணைப்பில் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது யாரால் நம்பாமல் இருக்க முடியும்?